ஒரு வாய்க்குக் காத்திருந்த பந்தி

இலை போட்டாயிற்று, தண்ணீர் தெளித்தாயிற்று, சோறும் குவித்தாயிற்று, ஆனால் ஜெயக்கொடி ஒரு வாய் விழுங்காமல் இந்தப் பந்தியில் ஒருத்தரும் சோற்றில் கை வைக்க மாட்டார்கள். அவள் வாழ்க்கைப்பட்ட குடும்பத்தில் அப்படி ஒரு பழக்கம். யாருக்காகக் கருப்பனுக்குக் கிடா நேர்ந்துகொண்டார்களோ அந்தப் பெண்ணின் இலையில்தான் முதல் கறி விழவேண்டும், அதுவும் கங்கில் சுட்ட சுவரொட்டி, ஆட்டு மண்ணீரலுக்கு இந்தப் பக்கம் அதுதான் பேர், அதைப் புருஷன்காரன் தன் கையால் ஊட்ட வேண்டும், அவள் விழுங்க வேண்டும், அப்புறம்தான் குழம்பு வாளி நகரும். புளியமரத்தடியில் எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, எழுபது இலை, விடிகாலையில் ஒரு டீயோடு வேனில் ஏறிய கூட்டம், இப்போது மணி ஒன்றரை. பசித்த முகங்கள் எல்லாம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. புருஷன் சீனிராஜ் சுவரொட்டி வாங்கிவர அடுப்புப் பக்கம் போயிருந்தான். ஒரு வாய்தானே என்று நினைத்தாள். கட்டைவிரல் அளவு இருக்குமா, கண்ணை மூடிக்கொண்டு மாத்திரை முழுங்குகிற மாதிரி முழுங்கிவிட்டால் இத்தனை பேரும் சாப்பிடுவார்கள், மாமியார் குளிர்ந்துபோவாள், நாலு மணிக்கு வேன் கிளம்பும், சிவகாசிக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம், ஒரு வாய்தானே, என்று அந்த நினைப்பு ஓடிவந்து ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் இடறியது. வைகாசியிலும் ஒரு வாய்தானே என்றுதான் ஆரம்பித்தாள்.

வைகாசியில் சீனிராஜின் சித்தப்பா மகள் கல்யாணம். பிரியாணி வாசனை மண்டபத்துக்கு வெளியிலேயே வந்து கையைப் பிடித்து இழுத்தது, ஒரு வாய் ஒரு தட்டாயிற்று, மேலே தயிர்ப் பச்சடி வேறு. அதற்கு ஒன்பதாம் நாள் அவள் வேலை பார்க்கும் காலண்டர் அச்சாபீஸின் கக்கூஸ் தரையில் கிடந்தாள். சிமெண்டுத் தரையில் நெற்றி, வாயில் கசப்பு, அடிவயிற்றுக்குள் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்து ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி பிழிந்தார்கள், பிழிந்து முடித்து உதறினார்கள், மறுபடி பிழிந்தார்கள், அந்த இழுப்பு இடுப்புக்குப் பின்னால் போய், தொடைக்குள் இறங்கி, முழங்காலில் வந்து நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்நூறு தாளை ஒரே அமுக்கில் வெட்டுகிற கத்தி. எழுந்து போய் அந்தக் கத்திக்கடியில் அடிவயிற்றை மட்டும் நீட்டி வைத்து மிதியை மிதித்துவிட்டால் என்ன என்று அவள் யோசித்தாள், வெறும் வேகத்தில் யோசிக்கவில்லை, எந்த உயரத்தில் நிற்க வேண்டும், ஸ்டூல் வேண்டுமா என்றுகூட யோசித்தாள். பிரியாணியால்தான் வந்ததா, தின்னாமலிருந்தால் வந்திருக்காதா, அவளுக்குத் தெரியாது. மதுரை டாக்டரம்மாவுக்கே தெரியாது. டாக்டரம்மா அதை ஒளிக்கவும் இல்லை. சாப்பாடு மருந்து இல்லம்மா, கறி, பால், முட்டை எல்லாம் விட்டுட்டுக் கீரை, பயறுன்னு போனவங்கள்ல சில பேருக்குக் குறையுது, சில பேருக்கு ஒரு மாத்தமும் இல்ல, செஞ்சு பாருங்க, ஆனா மாத்திரைய நிப்பாட்டாதீங்க, ரத்தம் எவ்வளவு இருக்குன்னு மூணு மாசத்துக்கு ஒருக்கா பாத்துக்கிடுங்க, என்றாள். தெரியாது என்பதைத் தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவள்தான். அதற்காகவே ஜெயக்கொடிக்கு அவள் காலில் விழலாம் போலிருந்தது.

மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது. பதினைந்து வயதில் பள்ளிக்கூட பெஞ்சில் சுருண்டு விழுந்தபோது, வயசுக்கு வந்தா அப்படித்தான், என்று டீச்சருக்குத் தெரிந்திருந்தது. கல்யாணம் ஆனா சரியாப்போகும் என்று ஒரு டாக்டருக்கு. கல்யாணம் ஆன பிறகு, ஒரு பிள்ளை பெத்தா சரியாப்போகும் என்று இன்னொரு டாக்டருக்கு. அப்பெண்டிக்ஸ் என்று ஒருவர், வாயு என்று ஒருவர். ஸ்கேனில் ஒண்ணும் இல்லியே, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க, என்று பேனாவை மூடிக்கொண்டே சொன்னவரின் சட்டைப் பையில் அந்தப் பேனாவை இதயம் வரைக்கும் இறக்கியிருக்கலாம், அன்றைக்கு அவளால் உட்காரவே முடியவில்லை. பத்தொன்பது வருஷம். அதில் பதினோரு வருஷம் மாமியார் ஆவுடைத்தாயின் வீட்டில். அத்தை வலிக்குது என்றால், நாங்கல்லாம் பொம்பளைக இல்லையாக்கும், நாலு பெத்துட்டுக் களை எடுக்கப் போனவளுக, என்பாள். புருஷனிடம் வலிக்குது என்று சொல்லக்கூட வழி இல்லை, அவன் தொடும்போதே கத்தி ஏறுகிற மாதிரி இருக்கும், அவள் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கிடந்ததை அவன் ரொம்ப வருஷம் வெட்கம் என்றே எடுத்துக்கொண்டான். கடைசியில் வயிற்றில் மூன்று துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டுப் பார்த்து, மதுரை டாக்டரம்மா ஒரு பேர் சொன்னாள், எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள்ளே வளரவேண்டிய சதை வெளியே குடலில், மூத்திரப்பையில், கண்ட இடத்தில் எல்லாம் ஒட்டி வளர்ந்து, மாசா மாசம் அங்கேயும் ரத்தம் விடுகிறதாம். படத்தைக் காட்டினாள். ஜெயக்கொடி அந்தப் படத்தைப் பார்த்து அழவில்லை, சிரித்தாள். இருக்கு, நிஜமாவே இருக்கு, என்று மதுரையிலிருந்து சிவகாசி வரைக்கும் பஸ்ஸில் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள். வீட்டில் படத்தை எடுத்து நீட்டியபோது ஆவுடைத்தாய் கண்ணாடியைக்கூடத் தேடவில்லை. இந்தக் கருமத்தயெல்லாம் நடுவீட்டுல வைக்காத, என்றாள்.

"ஜெயா, என்ன உத்து உத்து எலையவே பாக்க?" பக்கத்து இலைக்கு அடுத்த இலையிலிருந்து குருவம்மாள் சாய்ந்தாள். சீனிராஜின் அக்காள், இவளுக்கு மதினி. "அவன் கொண்டாந்ததும் டக்குனு முழுங்கிரு. பிள்ளைகல்லாம் பசியில துடிக்குதுக."

"சரி மதினி."

"மொகத்த இப்படி வச்சுக்கிடாத. ஒனக்காகத்தான இம்புட்டும்."

எனக்காகத்தான். அதில்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மார்கழியில் பழனிக்கு மாலை போட்டிருக்கேன் என்று ஒரு பொய்யைச் சொல்லித்தான் கறியை நிறுத்தினாள், மாலைக்காரிக்குக் கறி போட்டுவிட அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. பொய் என்றும் சொல்ல முடியாது, தைப்பூசத்துக்கு நடந்தே போய் வந்தாள். ஆனால் மாலையைக் கழற்றிய பிறகும் கறிச்சட்டிப் பக்கம் போகவில்லை. பாலை நிறுத்தினாள், தயிரை, மோரை, நெய்யை நிறுத்தினாள். மோரு என்னடி பாவம் பண்ணுச்சு என்று மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள். கேப்பைக்கூழில் மோருக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றிக் குடித்தாள், முருங்கைக்கீரை, வாழைப்பூ, கொள்ளு, எள்ளுருண்டை, ஊறவைத்த நிலக்கடலை, தட்டாம்பயறு என்று தனி அடுப்பில் தனியாகப் பொங்கித் தின்றாள். வீட்டில் ஒரு ஆடு கட்டியிருக்கு, தழை மட்டும்தான் திங்கும், என்று சீனிராஜின் தம்பி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அச்சாபீஸில் தேதி தப்பாக விழுந்து கழித்துப்போட்ட காலண்டர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிழை பார்க்கிற சிவப்புப் பேனாவால் தினமும் அதில் குறித்தாள், வலி பத்துக்கு எத்தனை, என்ன தின்றாள். தையில் ஒன்பது. மாசியில் எட்டு. பங்குனியில் ஆறு, அந்த ஆறைப் போட்டுவிட்டு அடித்துவிட்டு மறுபடி ஆறே போட்டாள். சித்திரையில் ஐந்து. வைகாசியில் பிரியாணி, ஒன்பது. ஆனியில் ஐந்து. பாதி. பாதி என்றால் மற்றவர்களுக்குப் பாதி, அவளுக்கு அது மாசத்தில் மூன்று நாள் நிமிர்ந்து நின்று பல் தேய்ப்பது. அந்தப் பாதியை அவளே, அவள் கையாலேயே, வெட்டிக் குறைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஆவுடைத்தாய் வீட்டு நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள். மார்கழியில் அவளும் யாருக்கும் சொல்லாமல் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருந்தாளாம், என் மருமக வயித்துவலி தீந்தா ஒனக்குக் கிடா வெட்டுறேன் கருப்பா என்று. வலி குறைந்துவிட்டதே, கருப்பன் செஞ்சுட்டானே. இல்ல அத்தை, நான் சாப்பாட்ட மாத்துனேன், என்று ஜெயக்கொடி சொல்லச் சொல்ல, சாமி குத்தம் ஆயிரும், வாய மூடு, என்று நல்லெண்ணெய் விளக்கை ஏற்றிவிட்டாள். ஆக, கறியை விட்டதால் குறைந்த வலிக்கு நன்றிக்கடனாக ஒரு கிடாவை வெட்டி, அந்தக் கறியை அவள் வாயிலேயே திணிக்கப் போகிறார்கள். இதை எழுதிக் கொடுத்தால் அச்சாபீஸில் அவளே பிழை என்று சுழித்து அனுப்பிவிடுவாள்.

கிடாவும் லேசில் சம்மதிக்கவில்லை. காலையில் அதன் கழுத்தில் மாலை போட்டு, முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டு எல்லோரும் கைகட்டி நின்றார்கள். அது உடம்பை உலுப்பினால்தான் உத்தரவு, உலுப்பாமல் அரிவாளை ஓங்கக் கூடாது. ஒரு குடம் ஊற்றினார்கள், நின்றது. இரண்டாம் குடம், நின்றது. பூசாரி கெஞ்சினார், ஆவுடைத்தாய் தெரிஞ்சும் தெரியாம செஞ்ச குத்தத்தப் பொறுத்துக்கோ சாமி என்று அழுதாள், பெரிய மனுஷர்கள் எல்லாம் ஓர் ஆட்டின் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார்கள். ஓர் ஆட்டிடம் அரைமணி நேரம் உத்தரவு கேட்கத் தெரிகிறது இவர்களுக்கு, என்று ஜெயக்கொடி நினைத்தாள், என்னிடம் யார் கேட்டார்கள், நான் எந்தப் பக்கம் உலுப்ப வேண்டும். மூன்றாம் குடத்தில் குளிர் தாங்காமல் அது உலுப்பிற்று. ஒரே வெட்டு. ரத்தம் மணலில் பீய்ச்சியடித்து, வேட்டிகளில் தெறித்து, குழந்தைகள் பின்வாங்கி மறுபடி முன்னால் வந்தார்கள். தலை தனியாகக் கிடந்தும் உடம்பு கொஞ்ச நேரம் காலை உதைத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு ஆட்டின்மேல் பெரிய பரிதாபம் ஒன்றும் இல்லை, அவள் சைவக்காரியும் இல்லை, புண்ணியத்துக்காகக் கறியை விட்டவளும் இல்லை, கறி அவளுக்குப் பிடிக்கும், இப்போதுகூட அடுப்பிலிருந்து வருகிற மிளகு வாசனைக்கு நாக்கு ஊறத்தான் செய்தது. அதுதான் கொடுமை. உரித்துத் தொங்கவிட்ட வயிற்றைப் பிளந்து குடலையும் ஈரலையும் ஒருவன் கையை விட்டு அள்ளி எடுத்தபோது, அவ்வளவு சுத்தமாக, ஒட்டாமல், ஒரு கை அள்ளலில் வந்துவிட்டதைப் பார்த்து அவளுக்குப் பொறாமையாக இருந்தது. என்னுடையதையும் அள்ளிப் போட்டுவிடு அண்ணே, இந்தப் புளியமரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிடு, எழுபது பேரும் வரிசையாக வந்து பார்த்துவிட்டு அப்புறம் சாப்பிட உட்காரட்டும், என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது.

இலையின் ஓரத்தைக் கிழித்தாள். அப்போதுதான் அது வந்தது. முதலில் இடுப்பில் ஒரு கனம், உட்கார்ந்த வாக்கில் யாரோ பின்னாலிருந்து முழங்காலால் அழுத்துகிற மாதிரி. இல்லை, பாயில்லாத தரையில் உட்கார்ந்ததால் இருக்கும். இன்றைக்கு இருபத்தாறாம் நாள்தான், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. வேனில் குலுங்கியதால் இருக்கும். இரண்டாவது தடவை வந்தபோது அவள் தன்னைத்தானே ஏமாற்றுவதை நிறுத்தினாள், அந்தத் துணி பிழிகிறவள் வந்து உட்கார்ந்துவிட்டாள், நிதானமாக முந்தானையைச் செருகிக்கொண்டிருக்கிறாள். பயம் காது மடல்வரை சூடாக ஏறியது. வைகாசிக்கு அப்புறம் ஒரு துண்டு கறி தின்னவில்லை, ஒரு சொட்டு பால் குடிக்கவில்லை, அப்புறம் ஏன். கீரை, கொள்ளு, எள்ளு, அத்தனை சிரிப்பு, தனி அடுப்பு, காலண்டர், எல்லாம் சும்மாவா. அந்த ஆறும் ஐந்தும் நான் ஆசைப்பட்டுப் போட்ட எண்ணா. ஒருவேளை மாத்திரைதான் குறைத்ததோ. ஒருவேளை கருப்பன்தானோ, கருப்பன் இப்போது கையை எடுத்துவிட்டானோ. தின்னாமலே வலிக்கும் என்றால் தின்றால் என்ன. அந்த நினைப்புக்கு அவளிடம் பதில் இல்லை. பதில் இல்லாமலேயே தின்ன மாட்டேன் என்றிருந்தது, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். இந்த உடம்பை டாக்டர் தொட்டார்கள், புருஷன் தொட்டான், மாமியார் முடிச்சுப் போட்டாள், எல்லோரும் அவரவர்க்குத் தெரிந்ததை இதில் செய்தார்கள். நான் செய்தது இந்த ஒன்றுதான். சரியோ தப்போ, பலிக்கட்டும் பலிக்காமல் போகட்டும், இதற்குள் என்ன போகவேண்டும் என்பதை எட்டு மாசமாக நான் சொல்கிறேன், இந்த ஒரு வாயில் அது போய்விடும். அப்புறம் தினமும் ஒரு வாய்தானே என்பார்கள். குழம்பு வாளியைப் பிடுங்கி, கொதிக்கக் கொதிக்க இரண்டு வரிசைக்கும் நடுவே ஊற்றிக்கொண்டே போனால் எப்படி இருக்கும் என்று பார்த்தாள். அந்தக் காட்சி அவளுக்கு வேண்டியதைவிட நன்றாகவே தெரிந்தது. குருவம்மாள் மதினியின் மடி வரைக்கும் ஊற்றிவிட்டாள். பிறகு குழந்தைகளின் இலை வந்தது, வாளியைக் கீழே வைத்துவிட்டாள்.

ஆனால் பயப்பட வேண்டாம், சீனிராஜ் இருக்கிறான். கிடா வெட்டுமுன் கண்மாய்க் கரையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டு அவன்தான் வழி சொன்னான்.

"நான் ரெண்டு வெரல்ல வச்சு ஒன் வாய்கிட்ட கொண்டாருவேன். வந்ததும் உள்ளங்கைக்குள்ள தள்ளிருவேன். நீ சும்மா மெல்லு. ஒருத்தருக்கும் தெரியாது."

"அத்தை பாத்தா?"

"பாத்தாலும் என்ன தெரியப்போகுது? நான் கட்டுனவன், நான் சொல்றேன். ஒனக்குப் புடிக்காதத நான் ஒன் வாயில வைக்க மாட்டேன் ஜெயா."

பதினோரு வருஷத்தில் அவன் சொன்ன வார்த்தைகளிலேயே அதுதான் நல்ல வார்த்தை. அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள். இதோ வருகிறான், தேக்கிலையில் வைத்த சுவரொட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தலைப்பாகை கட்டி, புகையில் கண் சிவந்து. வெளியே கருகி உள்ளே ரத்தச் சிவப்பாக, மேலே உப்பும் மிளகும் தூவி. அவன் பக்கத்தில் குந்தினான். அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். அவளும் அசைத்தாள். உள்ளே இன்னொரு முறை பிழிந்தது, வியர்வை கழுத்தில் வழிந்தது, மெல்லுகிற மாதிரி தாடையை அசைக்க வேண்டும், பத்துத் தடவை அசைத்தால் போதும். அவன் ஒரு துண்டைப் பிய்த்தான். எழுபது பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஆவுடைத்தாய் எதிர் வரிசையிலிருந்து எழுந்து வந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, இரண்டு பேருக்கும் நேர் முன்னால், இலை மேல் நிழல் விழ நின்றாள்.

"ஊட்டு. முழுங்கிட்டு வாயத் தொறந்து காமிக்கச் சொல்லு. நான் பாக்கணும்."

"அம்மா, அதெல்லாம் அவ முழுங்கிருவா."

"எனக்குத் தெரியும்டா ஒங்க ரெண்டு பேரையும். சாமிகிட்ட வெளாடாத. வம்சம் நிக்கணும்ல?"

சீனிராஜ் அம்மாவைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். பெரியப்பா கனைத்தார், தம்பி சிரிக்கத் தயாரானான், ஒரு குழந்தை பசியில் அழுதது. அவன் முகத்தில் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வருவதை ஜெயக்கொடி பார்த்தாள். கடைசியாக அவளைப் பார்த்தபோது அது கண்மாய்க் கரையில் நின்றவனின் முகம் இல்லை.

"ஒரே ஒரு வாய் ஜெயா. இன்னைக்கு ஒரு நாளைக்கு."

"வேண்டாங்க."

"எல்லாரும் பாக்காக. மானத்த வாங்காத."

"எனக்கு இப்ப வலிக்குதுங்க. வயிறு வலிக்குது. நெசமா."

"அதெல்லாம் கருப்பன் தீத்துட்டான்," என்றாள் ஆவுடைத்தாய்.

அவனுடைய இடது கை அவள் பிடரியைச் சுற்றிக்கொண்டு வந்து தலையை நிறுத்திப் பிடித்தது. பாசமாகப் பிடிக்கிற மாதிரிதான் தூரத்திலிருந்து தெரிந்திருக்கும். வலது கையின் இரண்டு விரலும் உதட்டில் முட்டின, அவள் உதட்டை இறுக்கினாள், விரல் உதட்டைப் பிளந்து ஈறில் உரசி உள்ளே வந்தது, சூடு, மிளகு, ரத்தத்தின் இரும்பு ருசி, விரலின் உப்பு. துண்டை நாக்குக்குப் பின்னால் தள்ளினான். குமட்டியது, உள்ளே பிழிந்தது, இரண்டும் ஒன்றாக நெஞ்சுக்கு ஏறின, மூச்சுக்கு வழியில்லை. அவள் கடித்தாள். யோசித்துக் கடிக்கவில்லை, ஆனால் கடித்த பிறகு யோசித்தாள், யோசித்துவிட்டு இன்னும் இறுக்கினாள். தோல் விட்டது, அதற்கடியில் நரம்பு நழுவியது, எலும்பில் பல் போய் நின்றது. பிடரியிலிருந்த கை தெறித்து விலகியது. அவன் இழுத்தான், அவள் விடவில்லை, அவன் தலைப்பாகை அவிழ்ந்து அவள் இலைச் சோற்றில் விழுந்தது.

"அம்மா, விடச் சொல்லு, வலிக்குது. வலிக்குது. வலிக்குதுடி, விடு."

விட்டாள். சுவரொட்டித் துண்டைச் சோற்றில் துப்பினாள், அதோடு சிவப்பும் விழுந்தது, எது ஆட்டினுடையது எது அவனுடையது என்று பிரிக்க முடியவில்லை. இரண்டு வரிசையும் எழுந்துவிட்டது. தண்ணி கொண்டா என்று பெரியப்பா கத்தினார், தம்பி துண்டைக் கிழித்தான், குருவம்மாள் மஞ்சள் பொடிக்கு ஓடினாள், வேன் டிரைவர் ஐஸ் இருக்கிறதா என்று பார்க்கப் போனான். ஐயோ எம்பிள்ளைக்கு உசுரு போகுதே, எப்படித் தாங்குவான், என்று ஆவுடைத்தாய் மணலில் உட்கார்ந்து அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஜெயக்கொடி முழங்காலை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, புளியமரத்தில் சாய்ந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே வலிக்கிறதா என்று எழுபது பேரில் ஒருத்தர்கூட அவனிடம் கேட்கவில்லை.